உலோகமா, அலோகமா, உலோகப்போலியா: எதை வைத்துப் பிரிப்பது?

என்னிடம் படிக்கும் பிள்ளைகளிடம் சில தனிமங்களைக் கொடுத்து உலோகம், அலோகம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உலோகப்போலி என்று இனம் பிரிக்கச் சொன்னேன். கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளத்த சிலிக்கான் துண்டை யோசிக்காமல் இரும்புக்கும் செம்புக்கும் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். துண்டைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். பிரித்துப் பார்த்தால் கண்ணாடி மாதிரி சில்லுசில்லாகக் கிடந்தது. அதே தட்டுக்குச் செம்புக் கம்பி சப்பையானதோடு சரி. அன்றோடு பளபளப்பை வைத்துப் பாடம் தொடங்குவதை விட்டேன்.

உலோகங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடித்தால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும், மின்சாரமும் வெப்பமும் தாராளமாக ஓடும். அலோகங்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆனால் பென்சிலில் இருக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், அயோடின் பளபளக்கும், வைரம் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். சரி, ஆக்சைடை வைத்துப் பிரிக்கலாமா? உலோக ஆக்சைடு காரம், அலோக ஆக்சைடு அமிலம் என்பார்கள். அலுமினியமும் துத்தநாகமும் உலோகங்கள்தான், ஆனால் அவற்றின் ஆக்சைடுகள் அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: சூடாக்கினால் மின்தடை கூடுகிறதா, குறைகிறதா?

230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரியாமல் இருக்கும்போது மல்டிமீட்டரில் அளந்தால் 60, 70 ஓம் காட்டும். எரியும்போது அதன் தடை எவ்வளவு என்று கணக்குப் போட்டால் 880 ஓம் வருகிறது. உள்ளே இருப்பது டங்ஸ்டன், உலோகம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே கட்டவிழ்ந்துதான் திரிகின்றன. சூடேற்றினால் அணுக்கள் வேகமாக அதிர்ந்து அவற்றின் வழியை மறிக்கின்றன, தடை ஏறுகிறது. உலோகப்போலியான தூய சிலிக்கானில் கதை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் பிணைப்பில் சிக்கியிருக்கின்றன. அவற்றை விடுவிக்க 1.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) அளவு ஆற்றல் வேண்டும். இதை ஆற்றல் இடைவெளி என்பார்கள். சூடு ஏற ஏற அதிக எலக்ட்ரான்கள் விடுபடும், தடை இறங்கும். வைரத்தில் இதே இடைவெளி 5.5 எலக்ட்ரான் வோல்ட். அதனால் சாதாரணச் சூட்டில் அங்கே ஏறக்குறைய எதுவும் அசையாது.

உலோகப்போலிகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் வரக் காரணமும் இதுதான். செம்பில் மாசு கலந்தால் அதன் கடத்துத்திறன் கெடும். சிலிக்கானில் பத்து லட்சம் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு கலந்தாலே போதும், கடத்துத்திறன் லட்சக்கணக்கான மடங்கு உயரும். எவ்வளவு கடத்த வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். வேறெந்த வகைத் தனிமமும் இப்படிச் சொன்னபடி கேட்காது. 1871-இல் மெண்டலீவ் தன் தனிம அட்டவணையில் இடம் ஒதுக்கி வைத்து, 1886-இல் விங்க்ளர் கண்டுபிடித்த ஜெர்மானியம்தான் 1947-இல் முதல் டிரான்சிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுக் கருவி) ஆனது. ஆனால் ஜெர்மானியத்தில் அந்த இடைவெளி 0.67 எலக்ட்ரான் வோல்ட்தான். சூடானால் சீக்கிரமே வேண்டாத மின்னோட்டம் கசியும். அப்புறம் சிலிக்கான் அதன் இடத்தைப் பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சோதனையை வீட்டில் சிலிக்கான் கட்டியை வைத்துச் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் செய்து பார்த்தேன். முனைகளை வைக்கும் இடம் மாறினாலே மீட்டர் காட்டும் எண் தாறுமாறாக மாறியது. கட்டியில் மாசு நிறைய இருந்தால் சூட்டுக்குத் தடை ஏறவும் செய்யலாம். பல்பு சோதனையைத்தான் நம்பிச் செய்யலாம்.

இன்னொன்று. உலோகப்போலிகள் என்று பொதுவாக ஆறைச் சொல்கிறோம்: போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆண்டிமனி, டெலூரியம். இவற்றில் ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் என் கேள்விக்கு உலோகம் மாதிரியே பதில் சொல்கின்றன, சூடானால் தடை கூடும். ஆர்சனிக் நச்சு என்பதால் அதை நான் தொட்டதே இல்லை. இந்த இரண்டுக்கு மட்டும் பழைய சுத்தியலையே எடுக்கச் சொல்வேன். ஆண்டிமனியைத் தட்டினால் தகடாகாது, நொறுங்கும்.