பூஸ்ரரா, பெரிய அன்ரெனாவா, உயரமான கம்பமா?

ரிவிப் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் கடையில் முதலில் எடுத்துத் தருவது சிக்னலைப் பெருக்கும் பெட்டியான பூஸ்ரர்தான். விலை குறைவு, பூட்டுவதும் சுகம். ஆனால் யாழ்ப்பாணத்தில் அநேக வீடுகளுக்கு அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். காசை முதலில் கம்பத்திலும் அடுத்ததாகக் கேபிளிலும் போட வேண்டும்.

காரணம் தூரக் கணக்கில் இருக்கிறது. வடக்குக்கான பெரிய அலைபரப்புக் கோபுரம் கொக்காவிலில் நிற்கிறது. 2011இல் திறந்த அதன் உயரம் 174 மீற்றர். யாழ் நகரிலிருந்து தென்கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். அலை எட்டும் தூரத்தை மதிப்பிட, இரண்டு முனைகளின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு கூட்டி, 4.12ஆல் பெருக்குங்கள், கிலோமீற்றரில் விடை வரும். கோபுர உச்சிக்கு மட்டும் 54. ஓட்டு முகட்டில் 6 மீற்றரில் நிற்கும் அன்ரெனா இன்னும் 10 சேர்க்கும். 12 மீற்றர்க் கம்பம் 14 சேர்க்கும். ஆக 64, அல்லது 68. யாழ் நகரம் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. சாவகச்சேரிக்காரர் 55 கிலோமீற்றர் அளவில் இருப்பதால் அவருக்குப் பெரிய கவலை இல்லை. காங்கேசன்துறையும் ஊர்காவற்றுறையும் 75 அளவில். அங்கே எந்தக் கம்பமும் விளிம்பைத் தாண்டிக் கசிந்து வரும் அலையைத்தான் பிடிக்கும். தரைமட்ட வேறுபாடும், கோபுரத்தில் அலைபரப்பும் அன்ரெனா எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் இந்த எண்களைச் சில கிலோமீற்றர் கூட்டும், குறைக்கும்.

எல்லா அலைவரிசையும் ஒரே கோபுரத்திலிருந்து வரும் என்றும் நினைக்க வேண்டாம். அயல் வீட்டுக் கூரைகளைப் பாருங்கள். அன்ரெனாக்கள் இரண்டு திசைகளில் திரும்பி நின்றால், உங்கள் பகுதிக்கு இரண்டு இடங்களிலிருந்து அலை வருகிறது.

இப்போது மூன்றையும் எடை போடலாம். திறந்த வெளியில் அன்ரெனாவின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் சிக்னல் ஏறக்குறைய 6 டெசிபெல் (பலத்தை ஒப்பிடும் அலகு; 3 கூடினால் பலம் இரட்டிப்பு) கூடும். ஒரு தண்டில் குச்சிகள் வரிசையாக நிற்கும் யாகி அன்ரெனாவின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 2 முதல் 3 டெசிபெல்தான். அதோடு நீண்ட யாகியின் பார்வை 30 பாகை அளவுக்குக் குறுகிவிடும். திசை சற்றுப் பிசகினாலும், சோளகத்தில் கம்பம் ஆடினாலும் அது கோட்டைவிடும். 10 குச்சி யாகியை 12 மீற்றரில் வைத்த வீடு, 20 குச்சி யாகியை 6 மீற்றரில் வைத்த வீட்டை வெல்லும்.

பூஸ்ரரின் பெட்டியில் 25, 30 டெசிபெல் என்று அச்சிட்டிருக்கும். அது பொய்யல்ல, ஆனால் சிக்னலைப் பெருக்கும்போது கூட வந்த இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்குகிறது. அன்ரெனாவில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இருந்த இடைவெளியை எந்தப் பூஸ்ரராலும் கூட்ட முடியாது. அது செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம், கேபிளிலும், அதைப் பல ரிவிகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிற்றரிலும் தொலையப்போவதை முன்கூட்டியே ஈடுசெய்வது. ஆகவே அதன் இடம் கம்பத்தின் உச்சி, அன்ரெனாவுக்குப் பக்கத்தில். ரிவிக்குப் பின்னால் பூட்டினால் பெரும்பாலும் வீண். அலைபரப்பிக்குக் கிட்ட உள்ள வீட்டில் அது நட்டமாகவும் முடியும்: பலமான சிக்னலில் பூஸ்ரர் திணறி, முன்பு வந்த அலைவரிசைகளையும் இழக்கச் செய்யும்.

அறைக்குள் வைக்கும் தட்டையான அன்ரெனாவைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சீமெந்துச் சுவர், தகரக் கூரை, 65 கிலோமீற்றர். பெட்டியில் எத்தனை மைல் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள். 'டிஜிற்றல் அன்ரெனா', '4கே அன்ரெனா' என்ற பெயர்களும் வெறும் விற்பனைப் பேச்சு. அன்ரெனாவுக்கு அலைவரிசையின் அதிர்வெண் மட்டுமே தெரியும். அதில் ஏறி வருவது அனலொக்கா டிஜிற்றலா என்பது தெரியாது. கூடிய அதிர்வெண்ணான யூஎச்எஃப்புக்கான குச்சி ஒரு சாண் அளவு, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணான உயர் விஎச்எஃப்புக்கான குச்சி அதன் மூன்று மடங்கு. இரண்டும் தேவைப்படும் இடத்தில் குச்சிகள் படிப்படியாக நீண்டு செல்லும் லொக்-பீரியோடிக் வகை நல்லது; பிடிப்பு யாகியை விடக் குறைவு, ஆனால் பரந்த அலைவரிசையை ஒரே சீராக எடுக்கும். சாவகச்சேரிப் பக்கம் அதுவே போதும்.

டிஜிற்றல் முறை எது என்பது முக்கியமாவது டிஜிற்றல் அலையைப் படமாக்கும் பெட்டியை வாங்கும்போதுதான். இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானிய ஐஎஸ்டிபி-ரி. இந்தியாவின் தூர்தர்ஷன் பயன்படுத்துவது டிவிபி-ரி2. சென்னையிலிருந்து வருபவரிடம் சொல்லி எடுப்பித்த தரைவழிப் பெட்டி, ஐஎஸ்டிபி-ரி என்றும் அதில் எழுதியிருந்தாலன்றி, இங்கே உதவாது. புதிய ரிவி வாங்கும்போதும் அலையை வாங்கும் உள்பகுதியான ரியூனரின் வகையை விவரத்தாளில் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

அனலொக்கில் படம் மெல்ல மெல்ல மங்கும், புள்ளி விழும், ஆனாலும் செய்தி கேட்கலாம். டிஜிற்றலில் ஒரு எல்லை வரை துல்லியம், அதற்குக் கீழே கறுப்புத் திரை. புள்ளி விழுந்த வீட்டில் டிஜிற்றல் சுத்தமாக வரவும் கூடும். ஆனால் எல்லைக்கு மேலே 1 டெசிபெல்லில் தொங்கும் வீட்டில் ஒரு மழையே போதும், படம் நின்றுவிடும்.

கேபிளில் ஆர்ஜி-6க்கு மேல் வேறொன்றும் வேண்டாம். யூஎச்எஃப்பில் 30 மீற்றருக்கு அது ஏறத்தாழ 5 டெசிபெல் தின்னும். மெல்லிய ஆர்ஜி-59 ஏறத்தாழ 7. பழைய தட்டை வயர் காய்ந்திருக்கும்போது நல்லது, நனைந்தாலோ இரும்புக் குழாயை ஒட்டி ஓடினாலோ கெடும். இரண்டு வழி ஸ்பிளிற்றர் 3.5 டெசிபெல், நான்கு வழி 7. ஒரே ரிவி உள்ள வீட்டில் நான்கு வழிப் பெட்டி தொங்குவதை அடிக்கடி காணலாம். அதைக் கழற்றி நேரே பூட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பல வீடுகளில் குற்றவாளி கேபிள் முனையில் பூட்டும் இணைப்பி. கேபிளின் வெளிப்பின்னல் கம்பியை முழுவதும் பின்னால் மடித்துவிடுங்கள். ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் போச்சு. நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளை நுரை இணைப்பியின் உள்தளத்தோடு சமமாக நிற்க, நடுக்கம்பி வாயிலிருந்து 2–3 மில்லிமீற்றர் வெளியே நீள வேண்டும். கடற்காற்றில் பித்தளையும் பச்சை பிடிக்கும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் ரேப்பை இறுக்கி இழுத்துச் சுற்றுங்கள். கிடைக்காவிட்டால் சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டிச் சுற்றி, மேலே சாதாரண ரேப். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அதில் சொட்டிவிடும்.

கம்பத்துக்கு 20 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இரண்டு: கீழே தடித்தது, மேலே அதற்குள் நுழையும் அளவு மெல்லியது. ஒன்றுக்குள் ஒன்றை அரை மீற்றர் செருகிப் போல்ற் போட்டால் ஏறத்தாழ 11.7 மீற்றர். இரண்டு மட்டங்களில், மூன்று திசைகளில் இழுகம்பி. முளை அடிக்கும் தூரம் கம்ப உயரத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பிக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். பனையிலோ தென்னையிலோ கட்டுவது காசு மிச்சம், ஆனால் மரம் ஆடும். மின்னலுக்குத் தடித்த செப்புக் கம்பியை வளைக்காமல் நேரே மண்ணுக்கு இறக்குங்கள். வலிகாமத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல் தட்டுப்படும் வளவுகளில் அந்தக் கம்பியைப் பூட்டும் புவிக்கோலைச் செங்குத்தாக அடிக்க முடியாது; ஈரம் நிற்கும் கிணற்றடிப் பக்கம் பள்ளம் வெட்டிக் கிடையாகப் புதைப்பதே வழி.

டிஷ் இந்தப் போட்டியில் தனி இனம். ஜிசாற்-15 செய்மதியிலிருந்து வரும், தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டிடி ஃபிரீ டிஷ்ஷுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து திசை வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 125 பாகை, ஏற்றம் தரைமட்டத்திலிருந்து 70 பாகை. வானத்தைப் பார்க்கும் தட்டுக்குக் கம்பம் தேவையில்லை, முற்றத்திலேயே வைக்கலாம். ஆனால் அதில் உள்ளூர் அலைவரிசைகள் இல்லை. அடைமழையில் படம் போகும்.

எல்லாம் பூட்டிய பிறகும் படம் உடைந்தால், எப்போது உடைகிறது என்று கவனியுங்கள். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் கம்பம் தளர்ந்திருக்கிறது, அல்லது திசையில் மரம் நிற்கிறது. மழைக்குப் பிறகு என்றால் இணைப்பிக்குள் தண்ணீர். காற்று விழுந்த வெக்கையான இரவில் என்றால் வீட்டில் ஒரு பிழையும் இல்லை: பாக்குநீரிணைக்கு மேலே படிந்த வெப்பக் காற்று தூரத்து அலைகளை வளைத்துக் கொண்டுவந்து அதே அலைவரிசையில் மோதவிடுகிறது. ராமேஸ்வரத்தின் 323 மீற்றர்க் கோபுரம் ஒரு காலத்தில் இங்கே படம் காட்டியதற்கு உயரத்தோடு இதுவும் கைகொடுத்தது. அந்த இரவுகளில் அன்ரெனாவைத் திருப்பாதீர்கள். விடிந்தால் பழையபடி வரும்.