நண்பகலுக்குப் பிறகு பிள்ளை எங்கே? பராமரிப்பு இல்லமா, டியூஷனா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காலையில் இடம் பார்ப்பது பெரும்பாடில்லை. தமிழ்ப்பள்ளியிலேயே அரசாங்கப் பாலர் வகுப்பு இருந்தால் அதுதான் முதல் தேர்வு: 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். இடம் நிரம்பிவிட்டால் கெமாஸ் எனும் சமூக மேம்பாட்டு இலாகாவின் பாலர் வகுப்பு அல்லது தனியார் தடிக்கா, அதாவது பாலர் பள்ளி. தனியார் என்றால் கல்வியமைச்சின் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

சிக்கல் நண்பகலில்தான். பாலர் வகுப்பு நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மா தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வரச் சாயங்காலமாகும். பாட்டிகள் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையும் இப்போது இல்லை.

டியூஷன் மையத்தில் பாடம் உண்டு. சோறும் தூக்கமும் பெரும்பாலும் கிடையாது. விடிகாலையில் எழுந்த பிள்ளை மதியம் இரண்டு மணிக்குப் பென்சிலைப் பிடித்தபடியே தூங்கி வழியும். பராமரிப்பு இல்லத்தில் குளியல், சோறு, ஒரு மணி நேரத் தூக்கம், அப்புறம்தான் புத்தகம். இந்த வயதுக்கு இதுவே சரி. இல்லம் 1993 பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். நாலு வயதுக்குக் கீழான தம்பி தங்கைக்குத் தாஸ்கா எனும் குழந்தைக் காப்பகம், அதற்கு 1984 சட்டம்; ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐந்து பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர். சொல்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்த் தலையை எண்ணுங்கள்.

இவற்றைவிட முக்கியம், காலை ஆசிரியரும் மாலைப் பராமரிப்பாளரும் பேசிக்கொள்கிறார்களா என்பது. காலையில் மலாய் வாசிப்பில் 'C' எழுத்தைச் 'சிச்சாக்' (cicak, பல்லி) என்று ச ஒலியோடு பழக்கியிருப்பார்கள். அன்று மாலையே இல்லத்தில் ஆங்கில அட்டையைக் காட்டி அதே எழுத்துக்குக் 'கேட்' (cat, பூனை) என்று க ஒலி சொல்லிக் கொடுத்தால் பிள்ளை விழிக்கும். மறுநாள் வகுப்பில் வாயே திறக்காது. 'மக்கு' என்று பெயர் வாங்குவது பிள்ளைதான், பாவம்.

மருந்து, பையில் போய்வரும் ஒரு சின்ன நோட்டு. ஆசிரியர் எழுதுவது இரண்டு வரி: இன்று எந்த எழுத்து, எதில் தடுமாறியது. இல்லத்தில் எழுதுவது இரண்டு வரி: என்ன சாப்பிட்டது, தூங்கியதா. வேனில் ஏற்றியவர், இறக்கிக்கொண்டவர் பெயர் தனியாக. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் நோட்டு இரண்டே வாரத்தில் புகார்ப் புத்தகமாகிவிடும். அதனால் மாதம் ஒருமுறை பெற்றோர், ஆசிரியர், பராமரிப்பாளர் மூவரும் பத்து நிமிடம் நேரில் உட்காருவதும் வேண்டும்.

சேர்க்கும் அன்றே இதைக் கேளுங்கள். ஆசிரியரோடு பேச நேரமில்லை என்கிற இல்லமானால், கட்டணம் 50 வெள்ளி (ரிங்கிட்) குறைவாக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.