காசி டிக்கெட்டும் கோர்ட்டு சம்மனும்: ஒரு டைப்பிங் கடை பற்றி

மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகே டைப்பிங், ஜெராக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் வேப்பமரத்தடியில் இருக்கும் தகரக் கூரைக் கடைக்கே என் ஓட்டு.

காளவாசலில் நடந்த ஒரு விபத்துக்கு நான் நேரில் கண்ட சாட்சி. ஆடி அசைந்து வந்த வழக்கு, சரியாக நாங்கள் காசிக்குக் கிளம்பும் வாரத்தில் சம்மன் அனுப்பியது. மதுரை வழியாகப் போகும் காசி தமிழ் எக்ஸ்பிரஸ் வாரத்துக்கு ஒரு நாள்தான். அக்கா, அத்தான் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த டிக்கெட் வேறு. "எங்கள் ஊரில் ஜூரி அழைப்பு வந்தால் இணையத்திலேயே தேதியைத் தள்ளிப்போடலாம், அத்தை" என்றான் நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி மகன். பொதுமக்களையே உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொல்லும் ஜூரி முறையை நாம் 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தோடு தலைமுழுகிவிட்டோம். இங்கே சாட்சி சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் வாரண்ட் வரை போகும்.

தேதியை மாற்றக் கேட்டு மனு தட்டச்சு செய்யத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் கேட்டது சம்மனைத்தான். மங்கிய முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த சி.சி. எண்ணை, அதாவது வழக்கு எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டார். நான் உருக்கமாகச் சொன்னதையெல்லாம் வெட்டியெறிந்தார். சாட்சி சொல்லத் தயார், இன்ன தேதிகளில் ஊரில் இல்லை, திரும்பியபின் எந்த நாளும் வருகிறேன், மனு அவ்வளவுதான். சம்மனுக்கு முன்பே டிக்கெட் எடுத்தது தெரியும்படி, பதிவுத் தேதி உள்ள பக்கத்தின் நகலையும் இணைத்தார். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கே காசு கொடுக்கலாம். "அரசு வழக்கறிஞரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் அவர் தரப்புச் சாட்சி. வாய்தா அன்றைக்கு வந்து நின்று கேட்காதீர்கள்" என்றார்.

வாய்தா தள்ளிப்போனது. வழக்கு நிலவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை எப்படிப் போடுவது என்று கடைப் பையன் காட்டியிருந்ததால், புதிய தேதியை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பக்கத்துக்கு 40 ரூபாய் அதிகம். பில் கேட்டால் சிரிக்கிறார். நீதிமன்றம் உத்தரவிட்டால் சாட்சிக்குச் செலவுப் படி கிடைக்கும் என்பதை நானாகக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். பிரிண்டர் மை மகா மட்டம். எண்களை நன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள்.

போவதென்றால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். நம் ஒற்றைத் தாள் அடியில் போய்விடும்.