எலும்பு விரும்பும் பரப்பையே கிருமியும் விரும்புகிறது: இம்பிளான்ட் பூச்சுகள் ஓர் ஒப்பீடு

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் டைட்டானியம் இம்பிளான்ட் வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். அந்தப் படிவின்மேல் முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் ஒட்டும். அடுத்து ஃபியூசோபாக்டீரியம் வரும். ஈறுக்கும் எலும்புக்கும் கேடு செய்யும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் அதற்குப் பிறகுதான் குடியேறும். பூச்சுகளை ஒப்பிடும்போது, முதலில் ஒட்டும் கிருமிகளை எது குறைக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

பூச்சு என்ன பொருள் என்பதைவிடப் பரப்பின் சொரசொரப்பு முக்கியம். 1990களில் பெல்ஜிய ஆய்வாளர்கள் சுட்டிய எல்லை சுமார் 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் கிருமிகள் பெரிதாகக் குறைவதில்லை. அதைத் தாண்டினால் கிருமிப் படலம் தடிக்கிறது. ஆனால் எலும்பு நன்றாகப் பிடிக்க 1 முதல் 2 மைக்ரான் சொரசொரப்பு வேண்டும். மணல் வீசி அமிலத்தில் அரித்த பரப்புகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. அவை எலும்புக்குள் மூடியிருக்கும்வரை கவலையில்லை. எலும்பு தேய்ந்து வெளியே தெரிந்துவிட்டால், பிரஷ் எட்டாத குழிகளில் கிருமிகள் தங்கிவிடும்.

ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு எலும்பின் கனிமத்தை ஒத்தது, எலும்போடு வேகமாக இணையும். ஆனால் அமிலச் சூழலில் கரையும், சில சமயம் அடுக்காகவே பெயர்ந்துவிடும். ஈறையொட்டிய கழுத்துப் பகுதியில் இதை நான் ஏற்க மாட்டேன்.

அங்கே பொன்னிற டைட்டானியம் நைட்ரைடுதான் என் தேர்வு. கடினமானது, எளிதில் கீறல் விழாது. வெறும் டைட்டானியத்தைவிடக் குறைவாகவே கிருமிகள் ஒட்டியதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மெல்லிய ஈறு வழியே சாம்பல் நிறமும் தெரியாது.

சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகை பூச்சல்ல, இம்பிளான்ட்டையே செய்யும் தனிப் பொருள். என்றாலும் போட்டியில் உண்டு. 2004இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், 24 மணி நேரம் வாயில் வைத்த வட்டுகளில் டைட்டானியப் பரப்பின் சுமார் 19 சதவீதத்தையும் சிர்கோனியாவில் சுமார் 12 சதவீதத்தையும் கிருமிகள் மூடியிருந்தன. எல்லா ஆய்வுகளிலும் இந்த வித்தியாசம் வரவில்லை.

வெள்ளித் துகள் பூச்சு ஆய்வகத்தில் அசத்துகிறது. வாயில் புரதப் படிவும் செத்த கிருமிகளும் அதை மூடிவிட்டால் அந்த வீரியம் குறையும். அளவு கூடினால் எலும்புச் செல்களுக்கும் தீங்கு.

ஏற்கெனவே ஈறு நோய் இருந்தவர்கள், கழுத்துப் பகுதி வழவழப்பாக உள்ள இம்பிளான்ட் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பிறகு சுத்தம் செய்யப் போகும்போது, சாதாரண ஸ்டீல் கருவியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் அல்லது டைட்டானியக் கருவியையோ காற்றோடு மென்மையான கிளைசின் பொடியை வீசிச் சுத்தம் செய்யும் முறையையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். ஸ்டீல் போடும் கீறலில்தான் படலம் மறுபடி பிடிக்கும்.