ஹோண்டா ஈயூ22ஐ: ரேடியோ ஜெனரேட்டரில் தொடங்கிய கம்பெனியின் ஜெனரேட்டர்

சின்ன ஜெனரேட்டர்களைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் தொழில். எத்தனையோ கம்பெனி மெஷின்கள் என் மேசைக்கு வருகின்றன. வெளிப்புற ஒலிப்பதிவு, படப்பிடிப்பு, கணினி வேலை என்று மின்சாரம் சுத்தமாக இருக்க வேண்டிய இடத்துக்கு எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹோண்டாவின் 'ஈயூ22ஐ' (EU22i) என்கிற 2200 வாட் சின்ன ஜெனரேட்டர். "அதே 2200 வாட் வேற கம்பெனியில ரொம்பக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்குதே" என்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் இந்த மெஷினைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பாகமும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் தெரியும். அந்தக் காரணங்கள் புரிய வேண்டுமானால் கம்பெனியின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1946. போர் முடிந்து ஜப்பான் நொறுங்கிக் கிடந்த நேரம். ஹமமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டா ஒரு நண்பர் வீட்டில் குட்டி எஞ்சின் ஒன்றைப் பார்க்கிறார். ஜப்பான் ராணுவத்தின் ஆறாம் எண் வயர்லெஸ் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுத்த ஜெனரேட்டரின் எஞ்சின் அது. ராணுவம் கலைந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது. பேருந்தும் ரயிலும் பிதுங்கி வழிந்த காலம். சைக்கிள்தான் சாதாரண மக்களின் வண்டி. அந்த எஞ்சினைச் சைக்கிளில் மாட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. முதல் வண்டியின் பெட்ரோல் டேங்க், குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்கிற வெந்நீர்க் குடுவை. அதை ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவி சாச்சியும் ஒருவர். கிடைத்த பழைய எஞ்சின்கள் சுமார் 500. அத்தனையையும் பிரித்துச் சரிசெய்து விற்றார்கள். அவை தீர்ந்துபோகவே 1947-ல் சொந்தமாக 'ஏ டைப்' எஞ்சின் வந்தது. 1948 செப்டம்பரில் ஹோண்டா மோட்டார் கம்பெனி பதிவானது.

உலகமே பைக் கம்பெனி, கார் கம்பெனி என்று நினைக்கிற ஹோண்டா முதன்முதலில் கையில் எடுத்த எஞ்சின் ஒரு ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தமானது.

மறுபடி ஜெனரேட்டர் பக்கம் திரும்ப அவர்களுக்குப் பல வருடம் ஆனது. 1953-ல் விவசாய வேலைக்கான 'எச் டைப்' எஞ்சின் வந்தது. பைக் அல்லாத வேலைகளுக்கு எஞ்சின் செய்யும் பழக்கம் அதில் ஆரம்பம். 1964-ல் சோனியின் சிறிய டிரான்சிஸ்டர் டிவியை வெளியிடங்களில் ஓட்டுவதற்காக 'ஈ40' என்ற சோதனை ஜெனரேட்டரைச் செய்தார்கள். சோனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மசாரு இபுகாவும் சொய்ச்சிரோ ஹோண்டாவும் நெருங்கிய நண்பர்கள். ஈ40 கடைக்கு வரவில்லை. அதில் கற்றதை வைத்து 1965-ல் வந்ததுதான் 'ஈ300'. 300 வாட் அளவு, கையில் தூக்கிப்போகும் பெட்டி.

இந்த ஈ300-தான் என் பார்வையில் முக்கியமான திருப்பம். அதுவரை ஜெனரேட்டர் என்றால் எஞ்சின் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டிய சாமான். இரும்புச் சட்டத்தில் ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் டைனமோ, நடுவில் எல்லாம் திறந்த வெளி. எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாதவரும் ஒரு வீட்டுச் சாதனம் மாதிரி எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தோடு ஈ300-ஐ வடிவமைத்தார்கள். ஈயூ22ஐ அந்த எண்ணத்தின் நேர் வாரிசு.

இந்தியாவில் இவர்களுடைய ஜெனரேட்டர் வேறு பெயரில் அறிமுகமானது. 1985-ல் ஸ்ரீராம் குழுமத்தோடு கூட்டாகத் தொடங்கிய 'ஸ்ரீராம் ஹோண்டா'வை மறக்க முடியுமா? பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற மாடல்கள் அதில் உண்டு. அந்தப் பழைய மெஷின்கள் இன்றும் என் மேசைக்கு வருகின்றன. ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வை உட்காரவைத்து, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினால் மறுபடி ஓடுகின்றன. அவ்வளவு உழைப்பான எஞ்சின்.

அந்தப் பழைய வகைக்கும் ஈயூ வரிசைக்கும் அடிப்படையிலேயே வித்தியாசம் உண்டு. பழைய வகையில் எஞ்சின் சுழலும் வேகம்தான் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்பதை, தீர்மானிக்கும். இரண்டு துருவ ஆல்டர்னேட்டரில் (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 3600. ஒரே ஒரு பல்பு எரிந்தாலும் அதே வேகம், கிட்டத்தட்ட அதே இரைச்சல், பெட்ரோலும் வீண். திடீரென்று பெரிய லோடு ஏறினால் எஞ்சின் திணறும், வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னர் சுதாரித்து மீள்வதற்குள் ஹெர்ட்ஸ் இறங்கி ஏறும். பல்பு மினுக்கும். ஆடியோ மிக்ஸரில் உறுமல் கேட்கும். சில யூ.பி.எஸ். அந்த மின்சாரத்தை ஏற்கவே மறுத்து பேட்டரிக்குப் போய்விடும்.

1990-களின் கடைசியில் வந்த ஈயூ வரிசை இந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. எஞ்சினின் ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரம்) இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே காந்தங்கள் பதித்த வெளி ரோட்டர், அதாவது ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகம், சுழல்கிறது. அது தருகிற மின்சாரத்தை முதலில் டி.சி. ஆக்கி, பிறகு இன்வெர்ட்டர் என்கிற மின்னணுச் சுற்றுப் பலகை அதை வீட்டு மின்சாரம் போன்ற சீரான சைன் அலையாக வெட்டிக் கொடுக்கிறது. ஹெர்ட்ஸைத் தீர்மானிப்பது சுற்றுப் பலகை; எஞ்சினுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆகவே லோடு குறைந்தால் எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஃப்ளைவீலும் ரோட்டரும் ஒன்றாகிவிட்டதால் செம்பும் இரும்பும் மிச்சம். 2200 வாட் உச்சம், 1800 வாட் தொடர்ச்சி தருகிற மெஷின் சுமார் 21 கிலோவில் ஒரு கையில் தூக்கும்படி இருப்பது இதனால்தான்.

கிட்டத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். லோடுக்கு ஏற்ப எஞ்சின் வேகத்தை மாற்றுகிற ஈகோ த்ராட்டில் சுவிட்சைப் போட்டு லோடு இல்லாமல் ஓடவிட்டால் மெல்லிய முனகல் மட்டும்தான். ஆயிரம் வாட் ஹீட்டரைச் சொருகுங்கள். அந்த முனகல் ஒரு கணம் தயங்கி, உடனே சுருதி ஏறி நிலைக்கும். அதே மெஷினில் எரிகிற மேசை விளக்கு அந்தத் தயக்கத்தில்கூட மினுக்காது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதைக் கேட்ட பிறகு வேறு பேச்சு பேசுவதில்லை. ஏழு மீட்டர் தள்ளி நின்றால் லோடைப் பொறுத்து 48 முதல் 57 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. நடுவில் ஒரு வண்டியை மறைப்பாக நிறுத்திவிட்டால் மைக்கில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

22 வரிசை 2018-ல் வந்தபோது முந்தைய 20 வரிசையின் 98 சிசி எஞ்சினுக்குப் பதில் 121 சிசி எஞ்சின் வைத்தார்கள். எடை பெரிதாக ஏறவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பெட்ரோலை மட்டும் நிறுத்துகிற வசதி. பெட்ரோலை அடைத்துவிட்டால் கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதை எரித்துத் தீர்த்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும். என்னிடம் "ஸ்டார்ட் ஆகல" என்று வருகிற சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதிதான்: மாதக்கணக்கில் சும்மா கிடந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வழியும் சின்னத் துளையான ஜெட்டில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். அந்த ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான். இந்த ஒரு வசதியைச் சரியாகப் பயன்படுத்தினால் மெக்கானிக்கிடம் வருகிற வேலை பாதியாகும். என் வருமானம் குறையும் என்றாலும் இதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. ஆயில் மாற்ற கீழே வடிகால் திருகு கிடையாது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றுகிற அதே வாய் வழியாக மெஷினையே சாய்த்துக் கொட்ட வேண்டும். கொள்ளளவு சுமார் 400 மில்லி. அவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் தவறாமல் மாற்ற வேண்டும்: முதல் 20 மணி நேரத்தில் ஒரு முறை, பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இத்தனை யோசித்துச் செய்தவர்கள் ஒரு வடிகால் குழாயை வைத்திருக்கலாம். என்னிடம் இருக்கிற மெஷினில் ஓடிய நேரம் காட்டும் மீட்டரும் இல்லை. மூடியின் உள்பக்கம் காகிதம் ஒட்டிக் குறித்துக்கொள்கிறேன். டேங்க் 3.6 லிட்டர்தான். முழு லோடில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, கால் லோடில் சுமார் எட்டு மணி நேரம். இரவு முழுக்க ஓட வேண்டுமென்றால் லோடைக் கணக்குப் போட்டு வையுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் பயந்துபோய் எனக்கு போன் செய்வது இரண்டு விஷயங்களுக்கு. பெட்ரோல் மூடியின் மேல் காற்றுவிடும் நெம்பு ஒன்று இருக்கிறது. அதைத் திறக்காமல் ஓட்டினால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மெஷின் மூச்சு முட்டி நிற்கும். இன்னொன்று, ஆயில் குறைந்தாலோ சரிவில் வைத்தாலோ சிவப்பு விளக்கு எரிந்து எஞ்சின் நின்றுவிடும். கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. அது பழுதல்ல, பாதுகாப்பு. ஆயிலைப் பாருங்கள், சமதரையில் வையுங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்த வரிசை வந்த அடுத்த வருடமே, 2019 மார்ச்சில், பெட்ரோல் வால்வு கசிந்து தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்காவில் சுமார் 2 லட்சம் மெஷின்களை ஹோண்டா திரும்ப அழைத்து வால்வை மாற்றிக் கொடுத்தது. பழைய மெஷின் வாங்குபவர்கள் வரிசை எண்ணை வைத்து அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? தண்ணீர் மோட்டார், கம்ப்ரஸர், வெல்டிங் என்று இருப்பவர்களுக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் அதைப் பொறுக்காது. ஓவர்லோடு விளக்கு எரிந்து மின்சாரம் நின்றுவிடும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேலைக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் உள்ள சாதாரண ஜெனரேட்டர்தான் சரி, விலையும் குறைவு. இதே தரத்தில் போட்டி என்றால் யமஹாவின் இன்வெர்ட்டர் மாடல்கள். அவற்றையும் தைரியமாக வாங்கலாம். பெயர் தெரியாத கம்பெனிகளின் மெஷின்களில் எஞ்சின் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது, சுற்றுப் பலகைதான் போகிறது. போனால் மாற்றுப் பலகை கிடைப்பதில்லை. ஹோண்டாவில் பழைய மாடலுக்கும் உதிரிபாகம் தேடினால் கிடைக்கிறது. கூடுதல் விலையில் பெரும்பகுதி அதற்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கினால், சத்தம் குறைவாக இருக்கிறதே என்று வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டிலோ ஜன்னலோரத்திலோ வைத்து ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அது சேர்ந்தால் எஞ்சினை நிறுத்துகிற உணரியோடு இப்போது மாடல்கள் வருகின்றன. அது இருந்தாலும் மெஷின் திறந்த வெளியில், புகைவாய் ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்து இருக்கட்டும். வீட்டு வயரிங்கோடு இணைக்க வேண்டுமானால் எலெக்ட்ரீஷியனை வைத்து, தெரு மின்சாரத்தைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்ட பிறகு இணையுங்கள். சுவர் பிளக்கில் நேராகச் சொருகினால் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும்; வெளியே கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்கு ஆபத்து.