மேப்பா, பட்டாவா, இசியா? இடம் வாங்குறதுக்கு முன்னாடி எந்த சைட்டைத் தொறக்குறது

போன மாசம் சித்தப்பா வாட்ஸப்ல ஒரு லொகேஷன் பின் அனுப்பி, "இதைக் கொஞ்சம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுப்பா, ஞாயித்துக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கேக்குறாங்க"ன்னாரு. செங்கல்பட்டு தாண்டி ஒரு கிராமம், ஆறு சென்ட், ரோட்டு மேல இடம்னு சொல்லி புரோக்கர் கூட்டிட்டுப் போய் காட்டியிருக்காரு, கையில குடுத்தது ஒரு பத்திர ஜெராக்ஸ், அதுல சர்வே நம்பர் 145/2பி. அந்த ஒரு இடத்துக்காக மூணு அரசாங்க சைட்டையும் ராத்திரி உக்காந்து ஒண்ணு பக்கத்துல ஒண்ணா தொறந்து வச்சுப் பாத்தேன்.

முதல்ல மேப். டிஎன்ஜிஐஎஸ்ங்கற தமிழ்நாடு அரசாங்க மேப் சைட்ல தமிழ்நிலம் ஜியோ-இன்ஃபோன்னு ஒண்ணு இருக்கு, செயற்கைக்கோள் படத்து மேல சர்வே எல்லை எல்லாம் கோடு போட்டிருக்கும், இடத்து மேல தட்டினா மாவட்டம் தாலுகா கிராமம் சர்வே நம்பர் உட்பிரிவு வரைக்கும் வந்துடும். எல்லாரும் இப்ப இதைத்தான் ஆகா ஓகோங்குறாங்க. நம்பரே தெரியாம இடத்தை மட்டும் தெரிஞ்சவனுக்கு இதை விட்டா வேற வழி இல்லைங்கறது நிஜம்தான். ஆனா இதை வச்சு எல்லை முடிவு பண்றவங்களைப் பாத்தா பயமா இருக்கு. பழைய அளவுப் படத்தைக் கொண்டுவந்து செயற்கைக்கோள் படத்து மேல பொருத்தியிருக்கறதால கோடு அங்கங்க நகர்ந்து நிக்கும், வரப்பு ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம். அதுக்கு மேல நம்ம போன் ஜிபிஎஸ்ஸே வெட்டவெளியில அஞ்சு மீட்டர் முன்ன பின்ன காட்டும். முப்பது அடி அகல மனைன்னா மொத்தமே ஒம்பது மீட்டர்தான், பாதி மனை அதுலயே போச்சு. கம்பி வேலி போடுறதுக்கு சர்வேயர்தான், மேப் இல்ல.

சித்தப்பா அனுப்பின பின்னைத் தட்டினா 145/3ன்னு வருது. சரி, கோடு நகர்ந்திருக்கும்னு விட்டுட்டேன்.

அடுத்தது வருவாய்த்துறையோட இ-சர்வீசஸ், பட்டா சைட்னு நாம சொல்றது. பாக்க அழகே கிடையாது, மாவட்டம் தாலுகா கிராமம்னு ஒவ்வொண்ணா தேர்ந்தெடுக்கணும், ஓடிபி போடணும், நம்பர் தெரியலைன்னா திண்டாட்டம்தான். ஊருக்குள்ள வீட்டு இடம்னா நத்தம்னு தனியா தேர்ந்தெடுக்கணும், டவுன்னா வார்டு பிளாக் டவுன் சர்வே நம்பர்னு கணக்கே வேற, இது தெரியாம "என் இடமே இதுல இல்ல"ன்னு பதறுறவங்க நிறைய. இருந்தும் மூணுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், காரணம் பட்டா இல்ல, அதுகூட இருக்கற அ-பதிவேடும், எஃப்எம்பிங்கற புலப்படமும். பட்டாவுல பேரும் நஞ்சையா புஞ்சையாங்கறதும் பரப்பும் இருக்கும், பரப்பு ஹெக்டேர்-ஏர்ஸ்ல இருக்கும், 0-02.50ன்னு போட்டிருந்தா ரெண்டரை ஏர்ஸ், ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட், அப்ப ஆறு சென்ட்டும் கொஞ்சமும்னு கணக்குப் போட்டுக்கணும். அ-பதிவேடு தொறந்தாதான் அது வாய்க்கால் புறம்போக்கா மேய்க்காலான்னு தெரியும், பழைய சர்வே நம்பரும் அதுல இருக்கும். யுடிஆர்னு 1979ல ஆரம்பிச்சு எண்பதுகள்ல ஊர் ஊரா பதிவேட்டைத் திருத்தினப்ப பல ஊர்ல நம்பர் உட்பிரிவெல்லாம் மாறினதால, தாத்தா காலத்துப் பத்திரத்தையும் இன்னைக்குப் பட்டாவையும் சேர்த்துப் பாக்க அந்தப் பழைய நம்பர்தான் சாவி.

எஃப்எம்பியைத் தொறந்ததும்தான் விஷயமே. 2பி சரியா ஆறு சென்ட் சில்லறைதான், ஆனா ரோட்டுல இல்ல! ரோட்டுல நிக்கறது 145/3, அதுக்குப் பின்னாடிதான் 2பி, உள்ள போக வண்டிப்பாதைன்னு ஒரு கோடு கூட படத்துல கிடையாது. ஆக மேப் அன்னைக்கு நகரவே இல்ல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்.

மூணாவது பதிவுத்துறை, டிஎன்ரெஜிநெட், 2018ல இந்தப் புது வடிவத்துக்கு வந்தது. இங்க இசி, அதாவது வில்லங்கச் சான்று, காசில்லாம பாக்கலாம், பொதுவா 1975லேர்ந்து கிடைக்கும். யார் யாருக்கு வித்தாங்க, தான செட்டில்மென்ட், பேங்க்ல பத்திரம் வச்சு எழுதின எம்ஓடி, நாலு எல்லை எல்லாம் வரும். பட்டா சைட்ல இன்னைக்கு யார் பேர்னு மட்டும்தான் தெரியும், எப்படி அவர் கைக்கு வந்துச்சுங்கற கதை இங்கதான் இருக்கு. பட்டாவை மட்டும் வச்சு உரிமை முடிவாகாதுன்னு கோர்ட்டுங்களும் எத்தனையோ தடவை சொல்லியாச்சு. ஆனா இதுல தேடுறதுல ஒரு சூட்சுமம்: 145/2பின்னு மட்டும் போட்டுத் தேடினா அது பிரியறதுக்கு முன்னாடி 145/2ன்னு பதிவான பத்திரம் விட்டுப்போகும், அதனால அதையும் போடு, வெறும் 145ம் போடு, பழைய நம்பரையும் போடு. கிராமம் முன்னாடி வேற சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல இருந்திருந்தா அங்கயும் தேடு. இத்தனையும் பண்ணி சுத்தமா வந்தாலும் பதிவாகாத உயிலோ வாய்மொழி பாகப்பிரிவினையோ அதுல தெரியாது.

அப்ரூவல் இல்லாத மனைன்னா இசி இன்னும் முக்கியம், 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி அது வீட்டுமனையா பதிவாகியிருக்கான்னு பாக்கணும், இல்லேன்னா பதிவே பிரச்சினை ஆகும். அரசாங்கம் வச்சிருக்கற கைடுலைன் வேல்யூவும் இதே சைட்லதான், அதை மார்க்கெட் ரேட்னு நினைச்சு பேரம் பேசாதீங்க, ஸ்டாம்ப் டியூட்டி 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் குறைஞ்சபட்சம் எவ்வளவு வரும்னு கணக்குப் போட அது போதும்.

சென்னைப் பெருநகர எல்லைக்குள்ளன்னா சிஎம்டிஏ சைட்ல சர்வே நம்பர் போட்டு நிலப் பயன்பாடு பாக்கலாம், வீட்டு ஏரியாவா விவசாயமான்னு தெரியும். வீட்டுவரி ரசீதை ஆதாரமா நீட்டுறவங்ககிட்ட சிரிச்சுட்டு நகந்துடுங்க.

அரசாங்க சைட் இல்லாட்டியும் ஒண்ணைச் சொல்லியே ஆகணும், கூகுள் எர்த். சர்வே நம்பர்லாம் அதுக்குத் தெரியாது, ஆனா வருஷத்தைப் பின்னாடி தள்ளிப் பாக்கலாம். இன்னைக்கு செம்மண் கொட்டி சமமா இருக்கற மனை பதினஞ்சு வருஷம் முன்னாடி தாமரைக் குளமா இருந்ததை நானே ஒரு நண்பனுக்காகப் பாத்துச் சொல்லியிருக்கேன். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பாத்தவங்களுக்கு அது ஏன்னு விளக்க வேணாம்.

என்னைக் கேட்டா, பின் மட்டும் இருந்தா மேப்ல ஆரம்பி, ஆனா நம்பர் கிடைச்சதும் அதை மூடிட்டு எஃப்எம்பிக்குப் போ, இசி அப்புறம்தான், ஏன்னா தப்பான இடத்துக்கு சுத்தமான இசி எடுத்து என்ன பண்றது. சித்தப்பா விஷயத்துல நடந்தது அதுதான், 2பிக்கு பட்டா சரி, இசியும் சரி, பின்னு மட்டும்தான் அடுத்தவன் நிலத்துல நின்னுச்சு. புரோக்கர்கிட்ட கேட்டதுக்கு "பாதை பேசி வாங்கிக்கலாம் சார்"னாராம்.

நேத்து இன்னொரு பின் வந்திருக்கு. கீழயே சர்வே நம்பரும் இருக்கு, அதுக்கும் கீழ "எஃப்எம்பி நானே பாத்துட்டேன், பாதை இருக்கு, நீ இசி மட்டும் பாரு"ன்னு ஒரு வரி.