குளூட்டன் இல்லாத பிரெட்: எதை வாங்கலாம்?

சென்னையில் குளூட்டன் (கோதுமை, மைதா போன்றவற்றில் உள்ள, மாவை இழுபடச் செய்யும் புரதம்) இல்லாத பிரெட் தேடினால் பெரும்பாலும் மூன்று ரகம் கிடைக்கும். அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் மட்டும் சேர்த்த வெள்ளை ரகம் மறுநாளே உதிரும். வெண்ணெய் தடவினால் கத்தியோடு பாதித் துண்டும் வந்துவிடும்.

இசப்கோல் (ஒரு விதையின் உமி) சேர்த்த சோள மாவு ரகம் எவ்வளவோ தேவலை. குளூட்டன் இல்லாவிட்டால் மாவில் காற்றைப் பிடித்து வைக்க வேறு ஆள் வேண்டும். தண்ணீரில் கூழாகும் இசப்கோல் அதைச் செய்கிறது. துண்டை வளைத்தாலும் உடையாது, லேசான இனிப்பும் உண்டு. நடுப்பகுதி களிபோல விரலில் ஒட்டினால், சரியாக வேகவில்லை அல்லது ஆறுவதற்குள் வெட்டிவிட்டார்கள். முழு ராகி ரகம் பார்க்கத்தான் அழகு, தொண்டையை அடைக்கும்.

லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். சாதாரண 'மல்டிகிரெயின்', 'ராகி பிரெட்' பாக்கெட்டுகளில் மைதாவோ கோதுமையோ இருப்பது சகஜம். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. சீலியாக் (குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள், மைதா பறக்கும் பேக்கரியில் அதே மேடையில் செய்ததைத் தொடவே வேண்டாம்.

நம்ம ஊர் புழுக்கத்தில் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஃபிரிட்ஜில் விறைத்துப்போகும். துண்டுகளுக்கு இடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். சாப்பிடும்போது எடுத்து, சப்பாத்தி சுடாத தனித் தோசைக்கல்லில், மிதமான தீயில், பக்கத்துக்கு 2 நிமிடம் சுடுங்கள்.